அவர் கழுத்தில் இரண்டு ஊசிகள்

என் கணவருக்கு மாதம் ஒருமுறை தலைக்கு டை அடித்துவிடுவது நான்தான். மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கிழிந்த பனியனோடு உட்கார்ந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிக்குப் பிறகு, குளிப்பதற்கு முன்னால். நான் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் மீசையிலிருந்து ஆரம்பிப்பேன். மீசைக்கு அடிக்கும்போது மட்டும்தான் அவர் பேசாமல் இருப்பார்.

அன்றைக்குக் காதுக்குப் பின்னால் வழிந்த சாயத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கழுத்துக்கு இறங்கினேன். வலது பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. உருண்டையாக, ரப்பர் பந்தைப் போலக் கெட்டியாக இருந்தது. இன்னொரு முறை துடைப்பதுபோலத் தொட்டுப் பார்த்தேன்.

"வலிக்குதாங்க?"

"இல்லியே. இன்னாது அது?"

"நெறி கட்டியிருக்கு. எத்தனை நாளா இருக்கு?"

"அது கீது, ஒரு மாசமா. ஷேவ் பண்றப்போ தட்டும். நீ மீசையப் பாரு, ஒரு பக்கம் விட்டுட்ட."

வலிக்கவில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. சளி பிடித்தோ, பல் சொத்தையாகியோ நெறி கட்டினால் தொட்டாலே வலிக்கும். வலிக்காமல் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கும் கட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. திருமுல்கேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் பதினேழு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். கழுத்திலோ மார்பிலோ அக்குளிலோ கட்டி என்று வருகிறவர்களுக்கு எங்கள் டாக்டரம்மா மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, இரண்டு மூன்று முறை உள்ளேயே அசைத்து, ஊசி முனையில் ஒட்டிய துளியை எடுப்பார். அந்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, இன்னொரு சில்லால் இழுத்துப் பரப்புவது என் வேலை. பரப்பியதில் சிலவற்றைக் காயவிடுவேன், சிலவற்றை உடனே ஸ்பிரிட்டில் முக்குவேன். பிறகு சாயம் ஏற்றி, டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பேன். ஒரு துளிதான். அதில் செல்கள் இருந்தால் பதில் கிடைக்கும், இல்லாவிட்டால் மறுபடி குத்த வேண்டும்.

கழுத்தில் ஊசி இருக்கும்போது எச்சில் விழுங்கக் கூடாது. அதனால் "மிங்கொத்து, நிகல்னா நக்கோ, முழுங்காதீங்க" என்று தெலுங்கு, உருது, தமிழ் மூன்றிலும் சொல்லிச் சொல்லி, ஒருநாள் வீட்டில் மகளுக்குச் சோறு போடும்போதே வாயில் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றும் சொல்லாமல் டை அடித்து முடித்தேன். குளித்துவிட்டு வந்தவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "பாத்தியா, புதுசா ஒரு ஓட்டை போட்டேன். காலைல நடக்கிறது வேலை செய்யுது" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். பெருமையாகக் காட்டினார். போன வாரம் முழுக்க அவருடைய தலையணை உறை காலையில் ஈரமாக இருந்ததும், வெயில் காலம்தானே என்று நான் அதைத் துவைத்துப் போட்டதும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. எடை குறைகிறது, வியர்க்கிறது, வலியில்லாத கட்டி. என் அனுபவத்தில் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்றுக்கு மருந்து சாப்பிட்டால் போதும். இன்னொன்றின் பெயரை நான் மனசுக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு ரயில்வே பணிமனை வேலைக்கு வந்த குடும்பம். இவரும் அதே வேலைக்குப் போனார். வீட்டில் இன்னமும் வேலூர்த் தமிழ்தான், நடுநடுவே ஹவ், நக்கோ என்று இந்த ஊர் உருதுவும் கலந்து. நான் திருச்சிக்காரி. பெண் பார்க்க வந்த அன்று, இன்னொரு காப்பி தரட்டுமா என்று என் அம்மா கேட்டதற்கு இவர் "நக்கோ" என்றார், வேண்டாம் என்று. அம்மாவுக்கு அது 'நாக்கு' என்று காதில் விழுந்து, சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று பதறிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். இவரும் மரியாதைக்கு அதை முழுக்கக் குடித்தார். அதைப் பார்த்துத்தான் நான் சரி என்று சொன்னேன்.

பணிமனையில் அவருக்கு ரயில் பெட்டிகளின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸிலைச் சோதிக்கும் வேலை. இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று வெளியே இருந்தே பார்ப்பார்கள். ஆக்ஸிலின் முனையில் எண்ணெய் தடவி, ஒலி அனுப்பும் சிறிய கருவியை அதில் வைத்தால், திரையில் கோடு எழும்பும். எழும்பக் கூடாத இடத்தில் எழும்பினால் அந்த ஆக்ஸில் வண்டிக்குப் போகாது. இருபத்தைந்து வருடம் அதைச் செய்த மனிதர். டன் கணக்கில் எடையுள்ள இரும்பு தலைக்கு மேல் கிரேனில் போகும்போது அதன் கீழே நின்று டீ குடிக்கிறவர். ஆனால் ஊசி என்றால் ஆகாது. பணிமனையில் தடுப்பூசி போட்டபோது, வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றவர் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசி ஆளாகி, அப்படியே சாப்பாட்டுக்குப் போய்விட்டார் என்று அவருடைய சிநேகிதர்கள் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ரயில்வே மருத்துவமனை டாக்டர் முதலில் இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். கட்டி அசையவில்லை. ஊசிச் சோதனை செய்து பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்க் கூழாக வந்தது. "தெரியாம நடந்துபோச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் மறுநாளே போய் இன்னொரு சீட்டு வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எங்க டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். வியாழக்கிழமை வாங்க."

"கைக்கு? எதுக்கு இப்ப? மாத்திரைய இன்னும் ஒரு வாரம் போட்டுப் பாக்கலாமே."

"பார்த்தாச்சு."

"ஒர்க்ஷாப்புல ஒருத்தன் சொல்லுறான், கட்டில ஊசி வெச்சாத் தூங்கினு கீறது எழுந்துக்குமாம். ஒடம்பு பூரா பரவிடுமாம்."

இதே கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். பதில் எனக்கு மனப்பாடம். "பதினேழு வருஷமா குத்துறதப் பக்கத்துல நின்னு பார்க்கிறேன். ஊசியால பரவி நான் பார்த்ததில்ல. ஊசி வேணாம்னு போயிட்டு ஒரு வருஷம் கழிச்சு வந்தவங்களத்தான் பார்த்திருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எந்த மருந்தக் கொடுக்கிறது? நீங்க விரிசல் இருக்கான்னு பார்க்காம ஆக்ஸில அனுப்புவீங்களா?"

"நாங்க ஆக்ஸிலக் குத்த மாட்டோம்" என்றார். பிறகு டீயைக் குடித்துவிட்டு, "வியாழக்கிழமை எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை ஒழுங்காகத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து சேர்ந்தார். எங்கள் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேஜை, என் கண்ணாடிச் சில்லுகள், ஸ்பிரிட் ஜாடிகள். டாக்டரம்மா தெலுங்குக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதிகம் பேச மாட்டார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "இன்னிக்கு நீ ஒரு வேலைதான் செய்யலாம். அவர் கையைப் பிடிச்சுக்கோ. இல்லன்னா ஸ்லைடு போடு. ரெண்டும் உன்னால முடியாது."

நான் ஸ்லைடு என்றேன். யோசிக்கக்கூட இல்லை. என்னோடு வேலை செய்யும் பெண் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவள் பரப்பினால் சில சமயம் திட்டுத்திட்டாக இருக்கும். சரியாக வராவிட்டால் இன்னொரு முறை குத்துவார்கள். இவரை இன்னொரு முறை குத்தவிடக் கூடாது, நானே செய்தால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் கையை எங்கள் ஆயா பிடித்துக்கொண்டார். போலாரத்திலிருந்து வரும் வயதான அம்மா, ஊசி அறையில் யார் அழுதாலும் அவர்தான் தலையைத் தடவிக்கொடுப்பார். "டர்னா நக்கோ பேட்டா, சீட்டி காட்டே சரிகா" என்றார். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், பயப்படாதே மகனே என்று. ஐம்பது வயது மகன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

நான் மேஜைப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். "முழுங்காதீங்க" என்று நான் சொல்ல வேண்டிய இடத்தில் டாக்டரம்மாவே சொன்னார். முதல் குத்தில் ரத்தம்தான் வந்தது. இரண்டாவது குத்திலும் ரத்தத்தோடு கொஞ்சம் ஏதோ. அந்தத் துளியைச் சில்லில் வைத்து இழுத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் சில்லு இழுத்திருப்பேனோ தெரியாது, கை தானாகப் போகும். அன்றைக்கு என் கட்டைவிரல் ரொம்ப அழுத்திவிட்டது. எனக்கே தெரிந்தது. கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம் கேட்டது.

சாயந்திரம் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "ரத்தம் அதிகம். இருக்கிற கொஞ்சம் செல்லும் நசுங்கிப் போயிருக்கு. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தடிமனான ஊசியால சின்னத் துண்டா சதையே எடுத்துப் பார்த்துடலாம்."

"நான்தான் அழுத்திட்டேன் மேடம்."

"ரத்தம் வந்ததும் நீ பண்ணினதுதானா?" என்றார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது ஆறவில்லை. பஸ்ஸில் மல்காஜ்கிரி வரும்வரைக்கும் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவர் கழுத்தில் சின்னப் பஞ்சோடு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். இன்னொரு ஊசி, இன்னும் பெரியது, என்னால்தான் என்று. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

பேப்பரை மடித்து வைத்தார். "இந்தா, உக்காரு. ஒரு ஆக்ஸில்ல சிக்னல் சரியா வரலன்னா நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? தொடச்சிட்டு, எண்ண தடவி, இன்னொரு தபா வெப்போம். அதுக்கு யாரும் அழுவ மாட்டாங்க."

"பெரிய ஊசிங்க."

"அது கெடக்கட்டும்." கழுத்துப் பஞ்சை விரலால் அழுத்திவிட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அடுத்த தபா நீ எம் பக்கம் திரும்பி நில்லு. அந்த அம்மா நல்லவங்கதான், கைய நல்லாத்தான் புடிச்சிக்கினாங்க. நான் கண்ணத் தொறந்து பாத்தா உன் முதுகுதான் தெரிஞ்சுது."

அவருடைய தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். எதிர்வீட்டு அம்மா பால் வாங்க வெளியே வந்தவர் பார்த்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது ஊசி அடுத்த செவ்வாய்க்கிழமை. ஸ்கேன் அறையில் வைத்து, ஸ்கேனில் கட்டியைப் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். ஸ்கேன் டாக்டர் சின்ன வயசுக்காரர். கழுத்தில் ஜெல்லியைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்ததும், படுத்திருந்த இவர் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பினார்.

"சார், இது எத்தினி மெகாஹெர்ட்ஸ்?"

டாக்டர் கையை நிறுத்திவிட்டார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இந்தியில் கேட்டார். அதன் பிறகு பத்து நிமிடம் நடந்தது அந்த அறையில் யாரும் கேட்டிருக்க முடியாத பேச்சு. இரும்புக்கு எண்ணெய், மனிதனுக்கு ஜெல்லி. இரும்பில் விரிசல் இருந்தால் கோடு எழும்பும், சதையில் கட்டி இருந்தால் கறுப்பாகத் தெரியும். "எங்க ஆக்ஸில் அசையாது சார், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று டாக்டருக்கே அனுதாபப்பட்டார். அந்தப் பேச்சிலேயே மரத்துப்போகும் மருந்து ஊசி உள்ளே போய்விட்டது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

பெரிய ஊசியைக் கவனித்தார். அதற்குள் ஸ்பிரிங் உண்டு. பொத்தானை அழுத்தினால் 'டப்' என்று பாய்ந்து, நூல் போல ஒரு சதைத்துண்டைக் கடித்துக்கொண்டு வரும். முன்கூட்டியே சொல்லியிருந்தும் அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு தூக்கிப் போட்டது. நான் அவர் முகத்துக்கு நேராக நின்று கையைப் பிடித்திருந்தேன். மூன்று தடவை 'டப்'. மூன்றாவது முறை அவர் இறுக்கியதில் என் மோதிரம் பக்கத்து விரலில் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. பிறகு இரண்டு நாள் அந்தத் தடம் இருந்தது, அவரிடம் காட்டவில்லை.

துண்டுகளைச் சதை கெடாமலிருக்க ஃபார்மலின் புட்டியில் போட்டு மூடினார்கள். மெழுகில் பதித்து, மெல்லிய தாள் போலச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க ஐந்து நாளாவது ஆகும். அது எங்களுக்கு அடுத்த அறையில் நடக்கும் வேலை. புட்டியின் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த ஐந்து நாளும் அந்த அறைப் பக்கம் போகவில்லை. குடிதண்ணீர் அங்கேதான் இருக்கிறது. மாடியில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இவர் வேலை பார்க்க ஆரம்பித்தார். பணிமனையிலிருந்து வந்ததும் ஸ்பேனரும் கையுமாக நிற்பார். சமையலறைக் குழாயின் ஒழுகலை நிறுத்தினார். குளியலறைத் தாழ்ப்பாளை மாற்றினார். மொட்டைமாடிக் கொடிக்கயிற்றைப் புதிதாகக் கட்டினார். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மகளின் மேஜை விளக்கு என்று வருடக்கணக்காக நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த எல்லாம் வரிசையாகச் சரியாகிக்கொண்டு வந்தன. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலாம் நாள் கேஸ் சிலிண்டரை மாற்றுவது எப்படி என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோதுதான் உறைத்தது.

"போதும், நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். "எனக்கு மாத்தத் தெரிய வேணாம். நீங்கதான் மாத்துவீங்க."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து வந்தாள். அவளுக்கு அதுவரை நாங்கள் முழுதாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கல்லூரியில் பரீட்சை நேரம். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்வாள். பேச ஆரம்பித்தது முதல் அப்படித்தான். அப்பாவின் கழுத்துப் பிளாஸ்திரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவரிடம் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, "அப்பா, உங்களுக்கு ரொம்ப நோவுதா?" என்றாள்.

இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இன்னாம்மா, தமிழ்ல பேசுற? அவ்ளோ சீரியஸாவா கீது எனக்கு?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. மூன்று பேரும் சமையலறைத் தரையில் சிலிண்டரைச் சுற்றி உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசினோம். என்னவாக இருக்கலாம், எதுவாக இருந்தால் என்ன செய்வது என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். கேன்சர் என்ற அந்த வார்த்தையையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்ட பிறகு நினைத்த அளவுக்குப் பயமாக இல்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். எங்கள் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சில்லைப் பார்க்கலாம். "உக்காரு. நீயே பார்" என்றார்.

பார்த்தேன். சாயம் ஏற்றத் தெரிந்த எனக்கு, டாக்டர் அளவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிலவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறேன். இளஞ்சிவப்பில் குழைந்துபோன ஒரு நடுப்பகுதி. அதைச் சுற்றி வேலி கட்டியதுபோல நீளநீளச் செல்கள். ஓரத்தில் குதிரை லாடம்போல உட்கருக்களை அடுக்கிக்கொண்டு ஒரு பெரிய செல்.

"டி.பி.யா மேடம்?"

"டி.பி.தான். நீ பயந்தது இல்ல. முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன். நேத்தே ஸ்லைடு வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம வந்து பார்த்தேன். உன் கண்ணால நீயே பாக்கணும்னுதான் போன் பண்ணல." கிருமியை உறுதிப்படுத்தும் இன்னொரு சோதனைக்கும் அவரே அனுப்பியிருந்தார். அதுவும் இரண்டு நாளில் அதையே சொன்னது.

நான் எழுந்து வராந்தாவுக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். சத்தமாகச் சிரித்திருக்கிறேன் போல. ஆயா ஓடிவந்தார். "கியா ஹுவா?" என்றார், என்ன ஆச்சு என்று.

"டி.பி., அம்மா! டி.பி.தான்!"

"டி.பி. போல்கே கைக்கு ஹஸ்ரே?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். டி.பி. என்று சொல்லிவிட்டு யாராவது சிரிப்பார்களா என்று. ஆனால் புரிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, கன்னங்களை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினார்.

இவருக்குப் போன் செய்தால் பின்னால் ஒரே சம்மட்டிச் சத்தம். "டி.பி.ங்க!" என்று கத்தினேன். "டிவியா? இன்னா ஆச்சு டிவிக்கு? சாயந்திரம் வந்து பாக்கிறேன்" என்றார். மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது. சத்தமில்லாத பக்கமாக நடந்து போவது கேட்டது. பிறகு, "நல்லதுதான?" என்றார், சின்னக் குரலில். நல்லதுதான் என்றேன். ஒரு கிருமி நோய்க்கு நாங்கள் இரண்டு பேரும் அப்படி நன்றி சொன்னோம்.

ஆறு மாதம் மருந்து. உடம்பின் எடையைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று அரசு சுகாதார மையத்தில் கணக்குப்போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் விவரமாகச் சொன்ன நான் ஒன்றை மறந்துவிட்டேன். முதல் நாள் மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து ஒரு அலறல். "ரத்தம்! சீக்கிரம் வா!" ஓடிப்போய்ப் பார்த்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிருக்கிறது. அந்த மாத்திரையின் சாயம் அது, எல்லாருக்கும் அப்படித்தான் போகும் என்றதும், "பதினேழு வருஷ சர்வீஸ்காரி, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு நன்றாக விழுந்தது.

சுலபமாக இல்லை. முதல் மாதம் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. ரசத்தைக்கூடத் தள்ளிவிட்டார். இரண்டாம் மாதத்தில் கட்டி குறைவதற்குப் பதிலாகப் பெரிதானது. டாக்டரம்மா தவறாகப் பார்த்துவிட்டாரோ என்று நான் வெட்கமில்லாமல் சந்தேகப்பட்டேன். கிருமி சாகும்போது சிலருக்கு அப்படி வீங்கும், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றார்கள். நிறுத்தவில்லை.

பணிமனையில்தான் அவருக்கு மனசு கஷ்டமாயிற்று. டி.பி. என்று தெரிந்ததும் மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். நெறியில் வரும் டி.பி. இருமினால் பரவாது, நுரையீரலில் ஒன்றுமில்லை என்று எக்ஸ்ரே பார்த்தாயிற்று என்று நான் சொல்லிக்கொடுத்ததை அவர் போய்ச் சொல்லவில்லை. "போவட்டும்" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள், அவருடைய கிரேன் ஓட்டும் சிநேகிதர், பேச்சே கொடுக்காமல் வந்து எதிரே உட்கார்ந்து, இவர் டப்பாவிலிருந்து ஒரு வாய் கத்தரிக்காய்க் குழம்புச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு, "அண்ணி இன்னிக்கி உப்பு கம்மியாப் போட்டுட்டாங்க" என்றாராம். அடுத்த வாரம் மற்ற இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அதை இவர் என்னிடம் சொன்னபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிநேகிதருக்கு நான் அந்த மாதம் முழுக்க வாரம் ஒருநாள் தனியாக ஒரு டப்பா கட்டிக்கொடுத்தேன். உப்பு சரியாகப் போட்டு.

நாலாம் மாதம் கட்டி சுருங்க ஆரம்பித்தது. ஆறாம் மாதம் தேடினாலும் கிடைக்கவில்லை. பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே போய்விட்டார். கடைசிப் பரிசோதனைக்கு வந்த அன்று டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது" என்றார். இவர் எழுந்து போகாமல் நின்றார்.

"மேடம், என்னுத நான் பாக்கலாமா?"

டாக்டரம்மா அந்தச் சில்லைத் தேடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். முதலில் தன் இமைமுடி மட்டும்தான் தெரிகிறது என்றார். நான் திருகைச் சரிசெய்து கொடுத்தேன். பிறகு ரொம்ப நேரம் நிமிரவில்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தும் டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.

"நல்லாத்தான் கீது கலரு" என்றார் கடைசியில். "இதுல நான் எது, வியாதி எது?"

டாக்டரம்மா உள்ளே தெரியும் சுட்டிமுள்ளை நகர்த்திக் காட்டினார். இது கிருமி செய்த சேதம், இதைச் சுற்றி வளைத்து நிறுத்தி வைத்திருக்கிறதே, இதெல்லாம் நீங்கள் என்று. நான் தமிழில் சொன்னேன். இவர் மறுபடி குனிந்து பார்த்து, "பரவால்லியே" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போலத் தண்ணீர் டம்ளரோடு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். மாத்திரைப் பட்டையைத் தேடிக் கை மேஜைமேல் போயிற்று. ஒன்றும் இல்லை. மருந்துதான் முடிந்துவிட்டதே. நான் காப்பியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். தண்ணீரையும் குடித்தார், காப்பியையும் குடித்தார், பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.